ஏழு சொட்டும் ஒரு வெற்றிலைத் தாம்பாளமும்

டிராம்போன் ஊதுகிறவனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்கவிருந்த பெண்ணையும் ஏழு சொட்டுத் தண்ணீரில் தொலைக்கப் பார்த்த மகானுபாவன் நான்.

மும்பையில் ஒரு மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ராவில் எனக்கு உத்தியோகம். முன்னும் பின்னும் இழுத்து ஊதும் நீளப் பித்தளைக் குழாய்தான் டிராம்போன். சிம்பொனியில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மூன்று நிமிஷம் ஊதுவேன். (இதற்குச் சம்பளமா என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார்.) கல்யாண ஊர்வலத்தில் பேண்டு ஊதுகிற பையன் என்று நினைத்து நான்கு வீட்டில் தட்டிக்கழித்துவிட்டார்கள். ஐந்தாவது, திருவனந்தபுரம் கோட்டைக்குள் மீனாட்சி வீடு. அவள் காலேஜில் கெமிஸ்ட்ரி டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்றுதான் பயம்.

அந்த வீட்டில் காப்பியைத் தூக்கித்தான் குடிப்பார்கள். உதடு பட்டால் டம்ளரே எச்சில். நானோ உதட்டை வைத்துப் பிழைக்கிறவன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வழக்கமாகப் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். மீனாட்சிக்குப் பாட வராது என்று அவள் அப்பா முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பதிலாகப் பையன் வாசிக்கட்டும், என்ன வாத்தியம் என்று பார்த்துவிடலாம் என்றார். அம்மாவோடு விமானத்திலிருந்து இறங்கி நேரே வந்ததால் வாத்தியப் பெட்டி கையிலேயே இருந்தது. ஊதினேன். ஜன்னல் கதவு அதிர்ந்தது. மீனாட்சியின் அம்மா, அதாவது மாமி, காதைப் பொத்தாமல் கௌரவமாக உட்கார்ந்திருந்தாள்.

முடித்ததும் பன்னிரண்டு வருஷப் பழக்கம் விடவில்லை. குழாயின் நுனியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீரை ஊதி வெளியேற்றினேன். ஏழு சொட்டு. அந்தச் சின்ன ஹாலில் குழாய் நுனிக்கு நேர் கீழே, என் அம்மாவுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த வெற்றிலைத் தாம்பாளம்.

"என்னவாக்கும் அது?" என்றாள் மாமி.

"ஒண்ணுமில்லை மாமி, ஸ்பிட் வால்வ்தான்" என்றேன். (துப்பலுக்கு இங்கிலீஷ் தெரியாதவர் ஒருவர்கூட அந்த ஹாலில் இல்லை.)

மாமா விருட்டென்று எழுந்தார். என் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஐந்தாவதும் போச்சு என்று நான் டிராம்போனைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தேன்.

மீனாட்சி உள்ளேயிருந்து வந்தாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதில் 'ஹா' என்று ஊதினாள். கண்ணாடி மங்கிப்போனது.

"மூச்சுல இருக்கிற நீராவியாக்கும்ப்பா அது. தினம் காலம்பற இப்படி ஊதித்தானே துடைக்கறேள்? அப்போ இத்தனை வருஷமா எச்சில் கண்ணாடியையா போட்டுண்டிருக்கேள்?"

மாமா கண்ணாடியைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு மாமியிடம், வேறு தாம்பாளம் எடுத்து வரச் சொன்னார். அப்பாடா! போன உயிர் அந்தத் தாம்பாளத்தோடு திரும்பி வந்தது.

கல்யாணச் சீரில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணமும் வந்தது. மற்றப் பாத்திரங்களில் எல்லாம் மீனாட்சி பெயர் வெட்டியிருக்க, அதில் மட்டும் என் பெயர். ஆர்கெஸ்ட்ராவில் மற்றவர்கள் தரையில் சொட்டவிடுகிறார்கள். நான் ஒருவன்தான் மேடையில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

மாமாவும் தப்பவில்லை. இன்றைக்கும் ஊருக்குப் போனால், கண்ணாடியை வாய்வரை கொண்டுபோவார், என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டுக் குழாயடிக்கு நடப்பார்.

"சும்மா ஊதுங்கோப்பா, உங்க மாப்பிள்ளை கிண்ணம் தருவார்" என்பாள் மீனாட்சி.