நாலாம் அத்தியாயக்காரர்

இதை எழுதலாமா என்று ஆறு வருடம் தயங்கினேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து எதற்கு என்று சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம்.

இயேசுவின் சிலுவை மரணத்தைப் பற்றி அவரளவுக்குச் சண்டை போட்ட மனிதர் கண்டியில் வேறு இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர். கலாநிதிப் பட்டத்துக்கு இறையியல் படித்துக்கொண்டு, நான் காவலாளியாக இருந்த தேவாலயத்தின் பின்னறையில் தங்கியிருந்தார். “ஆய்வு எந்தளவுல தம்பி?” என்று எப்போது கேட்டாலும், “நாலாம் அத்தியாயத்தில நிக்கிறன் அண்ணை” என்பார். நான்கு வருடம் அதே பதில். முச்சக்கர வண்டிக்காரர்கள்கூட அவரை “நாலாம் அத்தியாயம்” என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒருவர் செய்த குற்றத்துக்குக் குற்றமற்ற இன்னொருவர் தண்டனை அனுபவிப்பது நியாயமே இல்லை என்று அந்த அத்தியாயத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கேட்டதும் நான் கொதித்துப்போனேன்.

“அப்ப நம்ம ஆண்டவர் எதுக்குத் தம்பி செத்தாரு?”

“அதை அஞ்சாம் அத்தியாயத்தில சொல்லுவன் அண்ணை.”

அக்குறணைக்குக் குடை வாங்கப் போனவர், கடைக்கார முஸ்லிம் நானாவோடு சிலுவையைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடிவிட்டு, குடையில்லாமல் நனைந்து வந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், “எங்களுக்காக மரித்தீரே” என்று என் மனைவி ஜெபிக்கும்போதே ஒரு கண்ணைத் திறப்பார். “எங்களுக்குப் பதிலாகவோ அக்கா, எங்கட நன்மைக்காகவோ?”

“மொதல்ல சாப்புடுங்க தம்பி, ஆறிப்போகுது.”

ஆறு வருடத்துக்கு முந்திய பெரிய வெள்ளியன்று, குருவானவர் உடைமாற்றும் அறையில் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்க மின்னடுப்பில் கேத்தலைப் போட்டுவிட்டு நான் பிரசங்கம் கேட்கப் போய்விட்டேன். ஜன்னல் திரையில் தீப்பிடித்தது. அலுமாரியும் எரிந்தது. தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் இருந்த ஞானஸ்நானப் பதிவேடுகள் சாம்பலாயின.

மறுநாள் சபைக் கமிட்டி கூடியது. “கேத்தலைப் போட்டது யாரு?” என்று தலைவர் கத்தினார். தேவாலயம் எனக்குத் தந்திருந்த இரண்டு அறை வீடும் என் மூன்று பிள்ளைகளும் கண்ணில் வந்தார்கள்.

“நான்தான்” என்றார் வாசலில் நின்ற நாலாம் அத்தியாயக்காரர். “படிக்கேக்க தேத்தண்ணி குடிக்கிறனான்.”

மல்லித் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காத மனிதர்! அதையும் அவருக்கு என் வீட்டிலிருந்துதான் கொண்டுபோய்க் கொடுப்போம். கமிட்டி நம்பியது. குடையை மறப்பவர் கேத்தலை மறக்க மாட்டாரா? அவர் படித்த இறையியல் கல்லூரிக்குக் கடிதம் போனது. கல்லூரி அவரை நிறுத்திவிட்டது.

குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அவருடைய பெட்டியை நான்தான் சுமந்துபோனேன்.

“ஏன் தம்பி இப்புடிச் செஞ்சீங்க? நியாயமில்லன்னு நீங்கதானே எழுதுனீங்க?”

“இப்பவும் நியாயமில்லைத்தான். பிள்ளையளை நினைச்சுச் சொல்லிப்போட்டன். பிறகாவது நீங்கள் வாய் திறப்பியள் எண்டு பாத்தன் அண்ணை. திறக்கேல்லை. பெட்டியை மேல போடுங்கோ, பஸ் வெளிக்கிடுது.”

பெட்டியை மேலே போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

இன்று அவர் வவுனியாவில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிறார். கிறிஸ்மஸுக்கு, “பிள்ளையள் சுகமோ அண்ணை?” என்று மட்டும் செய்தி அனுப்புவார். நான் ஓய்வுபெற்று அந்த வீட்டையும் விட்டாயிற்று. இழக்க ஒன்றுமில்லாதபோது வந்த தைரியம் இது, பெருமைப்பட ஏதுமில்லை.

கேத்தலைப் போட்டது நான். இதை யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நான் அழுதேன், மனந்திரும்பினேன் என்று சேர்க்காதீர்கள். அவரைப் பரிசுத்தவானாக்கவும் வேண்டாம், அவருக்குக் கோபம் வரும். என் மனைவி அவருக்கு இன்னும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.