அந்த ஒன்றரை யாருடையது?

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஹேவாஹெட்ட தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். கீழே ஒரு கணக்குப் பிழையும் வரும். அதற்கான மன்னிப்பை என் மச்சானிடம் எப்போதோ கேட்டாயிற்று. (அவர் இன்னும் தரவில்லை.)

கல்யாணமான புதிது. கண்டியில் ஒரு வயரிங் கொன்ட்ராக்டரிடம் வேலை செய்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். "ஊமையனுக்கா தங்கச்சியக் குடுத்தோம்?" என்று என் மனைவி புஷ்பத்தின் அண்ணன் ராஜு கேட்டது என் காதுக்கே வந்திருந்தது. நான் சொல்லும் நாளில் அவர் அம்பிட்டியவில் புது வீடு கட்டி முடித்து, மறுநாள் காலை பால் காய்ச்ச நேரம் குறித்திருந்தார். வயரிங் செய்தது வேறொரு ஆள்.

"நான் செக் பண்ணித் தர்றேன் மச்சான்" என்றேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. அன்றைக்கு எப்படியும் அவரிடம் ஒரு மதிப்பு வாங்கிவிட வேண்டும்!

கொன்ட்ராக்டரின் மீட்டரை இரவல் வாங்கி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்து, புஷ்பத்தோடு பஸ்ஸில் கொண்டுபோனேன். வேலை இதுதான்: ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் ஓர் எர்த் வயர் மெயின் போர்டுக்கு வரும். எங்காவது கரண்ட் ஒழுகினால் அந்த வழியாக ஓடி, ட்ரிப் சுவிட்சை உடனே விழுத்த வேண்டும். அதற்கு வழி லேசாக, தடையில்லாமல் இருக்க வேண்டும். அந்தத் தடையை அளக்கும் மீட்டர் அரை ஓம்ஸுக்கு மேல் காட்டக்கூடாது. போர்டுக்கும் பிளக்குக்கும் ஒரே நேரத்தில் மீட்டர் எட்டாது. ஆகவே மீட்டரின் ஒரு கிளிப்பில் நூறு அடி மெல்லிய வயர் ஒன்றை மாட்டி இழுத்துக்கொண்டு அலைவோம். கொன்ட்ராக்டர் தொடங்குமுன் அந்த வயரின் இரண்டு முனைகளையும் மீட்டரிலேயே மாட்டி, ஒரு பொத்தானை அமுக்கிக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். (சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். நான் அதற்குப் பதிலாகத் திருநீறு பூசிக்கொண்டேன்.)

மெயினை அணைத்தேன். புஷ்பம் வயரின் மறுமுனையைப் போர்டில் பிடித்தாள். முதல் பிளக், ஒன்று தசம் ஏழு! இரண்டாவது, ஒன்று தசம் ஆறு! மூன்றாவது போர்டுக்குக் கீழே ஒரு முழத்தில் இருந்தது. அதிலும் ஒன்றரை! வீட்டையே காப்பாற்றப் போகிறேன்!

"மச்சான், வயரிங் சரியில்ல. செவுத்துக்குள்ள லூஸ் ஜொயின்ட்டு இருக்கு."

"என்னா மாப்ள சொல்றீங்க? நேத்துத்தான் பெயின்ட் அடிச்சோம்!"

"ஒங்களுக்கு பெயின்ட்டு முக்கியமா, உசிரு முக்கியமா?" (நானா பேசினேன்? நானேதான்.)

மச்சான் சுவரோரத்திலிருந்து விலகி எனக்கு வழி விட்டார். அந்தச் சந்தோஷத்திலேயே உளியை எடுத்தேன். போர்டிலிருந்து ஜன்னலோரப் பிளக் வரை, வயர் பைப் போன வழியே சரிவாக, இளநீலச் சுவரை உடைத்தேன். உள்ளே பச்சை எர்த் வயர் ஒரு கீறல் இல்லாமல் படுத்திருந்தது. "அப்ப அடுத்த செவுருதான்!" என்று அதையும் உடைத்தேன். அங்கும் ஒன்றுமில்லை.

மாலையில் நான் வயரைச் சுருட்ட, புஷ்பம் அவள் பக்கத்து முனையை மீட்டரின் மற்றக் கிளிப்பில் மாட்டிவைத்தாள்.

"என்னாங்க, இப்ப செவுத்துல ஒண்ணுமே மாட்டல. அப்பவும் ஒண்ணரை காட்டுதே?"

நான் பார்த்தேன். மச்சானும் வந்து பார்த்தார்.

"அப்ப அந்த ஒண்ணரை யாரோடது?" என்றாள்.

என்னுடையதுதான். நான் இழுத்துக்கொண்டு அலைந்த நூறு அடி வயருடையது. அதைக் கணக்கிலிருந்து தள்ளத்தான் கொன்ட்ராக்டர் அந்தக் 'கும்பிடு' போட்டிருக்கிறார். ஒன்று தசம் ஏழில் ஒன்றரையைக் கழித்தால் மிச்சம் தசம் இரண்டு. தங்கமான வயரிங்! கழித்தல் கணக்கு எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள்.

மச்சான் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க ஊமையனாவே இருந்திருக்கலாம் மாப்ள."

மறுநாள் பால் நன்றாகவே பொங்கியது. உடைந்த இடத்தை மறைக்க, கிடைத்த சாமி படங்களை எல்லாம் மாட்டினோம். முருகன், லட்சுமி, பிள்ளையார் மூவரும் போர்டிலிருந்து படியிறங்கி வருவதுபோல் தொங்கினார்கள். பிள்ளையாரைக் கும்பிட வந்தவர்கள் குந்த வேண்டியிருந்தது. "இது என்னா சாஸ்திரம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மச்சான் என்னைக் கைகாட்டினார். "மாப்ள மீட்டர் வச்சுப் பாத்துச் சொன்ன சாஸ்திரம்."

இன்றைக்கும் சோறு குழைந்துவிட்டது, பிள்ளைக்கு மார்க்ஸ் குறைந்துவிட்டது என்று நான் வாயெடுத்தால் போதும், புஷ்பம் தலை நிமிராமலே கேட்பாள்: "மொதல்ல ஒங்க வயரக் கழிச்சீங்களா?"

எழுதத் தொடங்கியது ஆடி முதலாம் திகதி. எழுதி முடித்தது ஆவணி பத்தாம் திகதி. (வெட்கப்பட்டுச் சும்மா இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளவும்.)