நானூறாவது மீட்டரில் ஒரு சந்தேகம்

கப்பலிலிருந்து வந்த அளவுகளில் அன்று ஒரு தப்புகூட இல்லை. கவியரசனுக்கு அதுதான் பிரச்சினை.

தப்பு இருந்தால் கேள்வி கேட்கலாம். கேட்டால் பதில் வரும். பதிலின் அடியில் நிருபமா என்று பெயர் இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவியின் பெயரை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அவன் தலையில் எழுதியிருந்தது.

நிருபமா இந்தியப் பெருங்கடலின் நடுவே துளையிடும் கப்பல் ஒன்றில் இருந்தாள். கடலடிப் பாறையில் போட்ட துளைக்குள் கருவியை இறக்கி, பாறையில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அது எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது அவள் வேலை. கெட்டிப் பாறை மின்சாரத்தை லேசில் விடாது. பொத்தல்களில் கடல்நீர் ஊறிய பாறை தாராளமாக விட்டுவிடும். அந்த மின்தடையை வைத்துப் பாறையில் எவ்வளவு பொத்தல் என்று கணக்குப் போடுவது பெங்களூரு அலுவலகத்தில் கவியரசனின் வேலை. அவள் அங்கே அளக்க அளக்க, இங்கே அவன் கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏறி இறங்கும். சில நாள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பான். ஸ்கிரீனில் தூசு போலிருக்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

போன் வாரத்துக்கு ஒருமுறைதான். அதிலும் கேக்குதா, கேக்குது, உனக்குக் கேக்குதா என்பதோடு லைன் போய்விடும். கப்பலின் இணைப்பு வேலைக்கு மட்டும் என்பதால் சொந்த மெயில் கிடையாது. அலுவலக மெயில் உடனுக்குடன் போய்வரும். ஆனால் அதை மேலதிகாரி கோவிந்தப்பா உட்பட எல்லாரும் படிப்பார்கள். சாப்பிட்டாயா என்று அதில் கேட்க முடியுமா?

ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை நிஜமாகவே ஓர் எண் இடித்தது. கேட்டான். நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டோம், நன்றி என்று பதில் வந்தது. அந்த ஒரு நன்றியை வைத்துக்கொண்டே கொஞ்ச நாள் ஓட்டினான்.

இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது. கவியரசன் கண்ணை மூடிக்கொண்டு கோட்டின்மேல் விரலை வைத்தான். நானூறாவது மீட்டர். இங்கே மின்தடை அதிகமாகத் தெரிகிறது, தயவுசெய்து மறுபடி பார்க்கவும் என்று எழுதி அனுப்பினான். வெட்கமாக இருந்தது. ஏக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டோம், நன்றி. நிருபமா.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருட்டாம்போக்கில் கை வைத்த இடத்திலா தப்பு? மறுநாள் வேறோர் இடத்தைக் கேட்டான். அதுவும் சரி என்று வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பதிலில் அவன் பார்ப்பது பெயரை மட்டும்தான்; எண் பாட்டுக்குத் தானாகக் கணக்கில் ஏறிக்கொள்ளும். மாலையில் ஜீவனஹள்ளியில் வீட்டுப் படியேறும்போது, மேடம் எப்போது வருவார் என்று கீழ்வீட்டு சந்திரம்மா கன்னடத்தில் விசாரிப்பார். மாதக் கடைசியில் என்பான். அவள் வைத்துவிட்டுப் போன டப்பாக்களை இடம் மாற்ற மனம் வராமல், கடுகை ஏணி போட்டு எடுத்துத் தாளித்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தப்பா நல்ல மனிதர். வினை அங்கேதான் வந்தது. கவியரசனின் கூர்மையைப் பற்றி மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். பயந்துபோய் அவன் கேட்பதை நிறுத்தினான். உடனே அவர் அறைக்குக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கவலைப்பட்டார். அவருக்காக இன்னொரு சந்தேகம் கேட்டு வைத்தான். அதுவும் சரியாகிவிட்டது.

அத்தோடு கோவிந்தப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

"நோடு கவி, இதப் பாரு, இங்க உக்காந்துக்கிட்டே இத்தனை தப்பு பிடிக்கறே. கப்பல்லயே இருந்தா எப்படி இருக்கும்? அடுத்த ட்ரிப் நீதான் போறே."

"எப்போ சார்?"

"இந்த மாசக் கடைசி. கொழும்புல நிருபமா இறங்கறாங்க, நீ ஏறறே. ஹார்பர்லயே பாத்துக்கலாம்ப்பா, ஒரு மத்தியானம் பூரா டைம் இருக்கு."

இத்தனை நாள் காத்திருந்தது ஒரு மத்தியானத்துக்கா? மறைத்து இனி என்ன ஆகப்போகிறது என்று கவியரசனுக்குத் தோன்றியது.

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கண்ணை மூடிட்டுத்தான் கை வெச்சேன். அவ பேரைப் பாக்கணும் போல இருந்துச்சு சார், அவ்ளோதான்."

கோவிந்தப்பா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். கண்ணை மூடியே இத்தனை பிடிக்கிறவன் கண்ணைத் திறந்தால் என்னவெல்லாம் செய்வான் என்று நெகிழ்ந்தார். பையன் தன் அருமை தனக்கே தெரியாமல் இருக்கிறான், கப்பல்காரர்கள் வாயால் கேட்கட்டும் என்று சாட்டிலைட் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார்.

எடுத்தவர் ஸ்ரீகண்டன், நிருபமாவோடு சேர்ந்து கருவியை இறக்குகிறவர். மேடம் ஷிப்ட் முடிந்து தூங்குகிறார் என்றார். அதிசயமாக அன்று லைன் தெளிவாக இருந்தது. கவியரசன் கண்டுபிடித்த தப்புகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கோவிந்தப்பா பெருமையோடு கேட்டார். இனி கொழும்புதான் என்று கவியரசன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பக்கம் ஸ்ரீகண்டன் தயங்கினார்.

"அந்த முதல் தடவைக்கு அப்புறம் அவர் கேட்ட எந்த இடத்துலயும் தப்பே இல்ல சார், இல்லைன்னு சொல்லிட்டா மறுபடி கேக்கமாட்டாரேன்னு, மேடம்தான் பழைய நம்பரையே திருத்தினதா எழுதி அனுப்பிட்டு இருந்தாங்க."