முன் சக்கரத்தை விசாரித்த கோர்ட்டு

வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் ஓடும் மோட்டார்களில், சாட்சி விசாரிக்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடாத டிரைவர் ஒருவர்தான் உண்டு. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஆம்பூரில் எல்லோருக்கும் அவர் ‘கோர்ட்டு’.

நான் படிப்பை முடித்து ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலாளியின் மோட்டார் வாசலில் வந்து நின்றுவிட்டால் எனக்கு நாற்காலி கொள்ளாது. ஓடிப்போய்க் கோர்ட்டின் பக்கத்தில் நிற்பேன்.

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கோர்ட்டு வண்டியை ஓரங்கட்டிவிடுவார். இறங்கி, சொன்னவருக்கு நேர் எதிரே நின்றுகொள்வார்.

“இன்னா சத்தம்? டிக்கா, டொக்கா?”

“என்னமோ சத்தம்பா.”

“என்னமோன்னா கேஸ் நிக்காது. மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

ஒருதரம் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு ஒரு தோல் வியாபாரியை ஏற்றிக்கொண்டு போனோம். பின்னால் கடகடவென்கிறது என்றார் வியாபாரி. கோர்ட்டு உடனே வண்டியை நிறுத்தி, வழியில் போன முறுக்குக்காரர், எருமை மேய்த்தவர் என்று பிடித்துப் பிடித்துச் சாட்சி கேட்டார். கடைசியில் குற்றவாளி வியாபாரியின் தகரப்பெட்டி என்று தீர்ப்பானது. அதற்குள் ரயில் போய்விட்டது.

இப்படிப்பட்டவருக்கே ஒரு கோடையில் சோதனை வந்தது. இடது முன் சக்கரத்தில் ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம். முதலாளியின் மகளுக்கு வெள்ளிக்கிழமை வேலூரில் கல்யாணம். பெண் போக வேண்டியது அந்த வண்டியில். முதலாளியின் மச்சானுக்குக் கோர்ட்டைக் கண்டாலே ஆகாது.

“பாய், இந்த ஆளோட பேஜார் ஜாஸ்தியாப் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கலன்னா, பட்டணத்துலேர்ந்து வேற டிரைவர் வர்றான். ஆளு ரெடி.”

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு, “பாப்போம்” என்றார்.

கோர்ட்டு கூடியது. வாட்ச்மேன், “பல்லி கத்தற மாதிரி” என்றார். சமையற்காரர், “எங்க மாமியா பாக்கு வெட்டற மாதிரி” என்றார். “வேகமாப் போனா வேகமா அடிக்குதா? பிரேக் போட்டா அடங்குதா? வளைச்சா ஜாஸ்தியா?” என்று குறுக்கு விசாரணை வேறு. எனக்குப் பொறுக்கவில்லை. “பேரிங் உடைஞ்சிருக்கும்ணே!” என்றேன். கழற்றினோம். பேரிங் முழுசாக இருந்தது. கிரீஸ் தடவி மாட்டினோம். கோர்ட்டு சக்கரத்தை ஒட்டி நடந்து வர, நான் வண்டியைத் தள்ளினேன்.

கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“நின்னுட்ச்சு பாத்தியா தம்பி!”

அவர் காலடியிலேயே சக்கரம் ‘டிக்’ என்றது. மறுபடியும் ‘டிக்’. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் தள்ளுவதை விட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் சிரிப்பு இறங்கிவிட்டது.

“நிக்கலியா?” என்றார் மெதுவாக. பிறகு அவரே சொன்னார்: “ரெண்டு வருசமாவே கம்மியாய்ட்டு வருது. மனுசங்கன்னா எதிர்ல நின்னு வாயப் பாத்துக்குவேன். வண்டிக்கு ஏது தம்பி வாய்?”

அத்தனை சாட்சிகளும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. காது கேட்காத டிரைவர் என்று மச்சானுக்குத் தெரிந்தால் வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டார். ஜாக்கியை எடுத்து வந்து முன் சக்கரத்தைத் தூக்கினேன்.

கோர்ட்டு ஒரு மூங்கில் குச்சியின் ஒரு முனையை அந்தக் காலத்து மரச் சக்கரத்தின் நடுக்குடத்தில் ஊன்றி, மறு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு ஆரக்காலாகப் பிடித்து ஆட்டினேன். தோல் அலசிக்கொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

“கோர்ட்டு சக்கரத்தையே தின்றாருடா!”

“இன்னாண்ணே, காரம் பத்தலியா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு ஆரக்காலை நான் ஆட்டியதும் திடுக்கென்று கண்ணைத் திறந்தார். “இவன்தான்! பல்லுல அடிக்குது!”

வெயிலில் மரம் காய்ந்து சுருங்கி, ஆரக்கால் குடத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. மரச் சக்கரம் ஊற வேண்டும். வண்டிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் பாலாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றிலோ வாளி தரையைத் தட்டியது. கோர்ட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் ஷாப்பில் தளும்ப நிறைந்து நின்றது ஆவாரம்பட்டைத் தொட்டி ஒன்றுதான்.

“அண்ணே, அது தோல் ஊறுன தண்ணி!”

“மாட்டுத் தோலையே கெட்டிப்படுத்துது. கட்டைய வுட்டுடுமா?”

டயரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தொட்டிக்குள் இறக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை தூக்கிப் பார்த்தால், ஆரக்கால்கள் இறுகிப்போய்ப் பாறை மாதிரி நின்றன. சத்தம் அடியோடு போய்விட்டது. ஆனால் மஞ்சள் சக்கரம் செம்மண் நிறமாகியிருந்தது. இரும்பு பட்ட இடமெல்லாம் மை கொட்டியதுபோலக் கறுத்திருந்தது. வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊர் வழியாக ரயிலில் போனவர்களுக்குத் தெரியும்.

மச்சான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “பாய், இந்த நாத்தத்தோடவா பொண்ணு போவணும்?”

முதலாளி வண்டியைச் சுற்றி வந்தார். அந்தச் சக்கரத்தின் அருகே கொஞ்சம் நின்றார்.

“நம்ம ஊட்டுக் கல்யாணத்துல இந்த வாசன வராம வேற இன்னா வாசனய்யா வரும்? ஏறு, ஏறு.”

மகளைப் பின்னால் பெண்களோடு ஏற்றிவிட்டு, அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் படியில் தொற்றிக்கொண்டேன். பள்ளிகொண்டா தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. முதலாளி ரோட்டைப் பார்த்தபடியே கோர்ட்டின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். கோர்ட்டு வழிவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பழகிய தட்டு அது.

நான் இப்போது சென்னையில் ஒரு மோட்டார் கம்பெனியில் இருக்கிறேன். எந்த வண்டி எந்தச் சத்தம் போட்டாலும், டிக்கா டொக்கா என்று முதலில் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கோர்ட்டு எதிரே வந்து நின்று கேட்டால், வாயை நன்றாகத் திறந்து பதில் சொல்ல வேண்டுமே!