பாகற்காய்ப் பாயசமும் சௌபாக்கியம் அம்மாளும்

அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஆண்பிள்ளை சமையல் குறிப்பு எழுதினால் அதற்கு என்ன தண்டனை என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் எனக்குத் தண்டனை கிடைத்தது. பித்தளைத் தம்ளரில் சுடச்சுட ஊற்றி, மரியாதையாக என் கையிலேயே கொடுத்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சுக்கூடத்தில், 'நங்கையர் நந்தவனம்' என்ற மாதப் பத்திரிகைக்கு உதவி ஆசிரியர். (அதாவது புரூப் பார்ப்பேன், பசை காய்ச்சுவேன், ஆசிரியருக்கு வெற்றிலை வாங்கி வருவேன்.) ஆசிரியர் ஏகாம்பரம் பிறந்தது காசிமேட்டுக் கடற்கரையில். பத்திரிகை நடத்துவதையும் அவர் மீன்பிடித் தொழிலாகத்தான் நினைத்தார்.

"இத பாரு நைனா, பொஸ்தகத்த வாங்கறது புருசன். வாங்கச் சொல்லி அரிக்கிறது பொண்டாட்டி. இன்னா கருமம் இதுன்னு தூக்கிக் கடாசறது மாமியாக்காரி. மூணு பேருக்கும் தனித்தனியா இரை வெக்கணும்."

ஆகவே, முதலில் புருஷனுக்காகத் தேச சேவை. நடுவில் மனைவிக்காகத் தொடர்கதை. அதன் கதாநாயகி மாதாமாதம் ஏதாவது ஒரு கிணற்றங்கரையில் போய் நிற்பாள், அங்கே 'தொடரும்' போட்டுவிடுவோம். மாமியாருக்காகக் கடைசியில் ஸ்தல மகிமையும் மூட்டுவலித் தைலமும். மூவருக்கும் பொதுவாகச் சமையல் பக்கம்.

அந்தச் சமையல் பக்கத்தை எழுதிவந்த அம்மாள் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். "இனிமே நீ எழுது" என்றார் ஆசிரியர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே சார்!"

"துன்னத் தெரியும்ல? அது போதும். வேற எவனும் போடாததா பாத்து எழுது."

இப்படித்தான் நான் சௌபாக்கியம் அம்மாள் ஆனேன். கூந்தல் தைல விளம்பரத்துக்கு வந்த, படம் அச்சிடும் பழைய பிளாக் ஒன்றில் மூக்குத்தி போட்ட ஒரு மாது இருந்தாள். அவளைத் தலைப்புக்குப் பக்கத்தில் போட்டோம். அந்த முகத்தைப் பார்த்தால் எழுதிய எனக்கே கும்பிடத் தோன்றும்.

இரண்டு மாதத்தில் என் சரக்கு தீர்ந்தது. மூன்றாம் மாதம் பாகற்காய்ப் பாயசத்தைக் கண்டுபிடித்தேன். வெல்லத்தைப் போட்டால் எந்தக் கசப்பும் ஓடிவிடும் என்பது என் சித்தாந்தம். பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால், 'இறக்கும்போது பெருங்காயத்தைத் தாராளமாகத் தூவவும். மணம் ஊரைத் தூக்கும்' என்று நிரப்பினேன்.

அதற்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது! திருவொற்றியூர் வாசகி ஒருத்தி, தெருப் பெயரோடு எழுதியிருந்தாள்: 'தங்கள் பாயசம் அமிர்தம். எங்கள் இல்லத்தில் யாவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்கள்.' அதை அப்படியே அச்சிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி, எனக்குச் சமைத்துப் போட்ட அக்காவின் ரசத்தில் புளி அதிகம் என்று குற்றம் கண்டுபிடித்தேன். (அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் தேச சேவைப் பக்கம் எழுதுவதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.)

அடுத்த மாதம் அக்கா எனக்குப் பெண் பார்த்தாள். திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள் கனகா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வழியெல்லாம் அக்கா எனக்குப் பாடம் நடத்தினாள். "பொண்ணு புடிச்சா கை நனை. புடிக்கலன்னா தம்ளரத் தொடாத. தொட்டுட்டு அப்பால பேச்சு மாறினா எனக்குத்தான் அசிங்கம்."

கனகா வந்து நமஸ்காரம் செய்தாள். எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. தம்ளர் என்ன, அண்டாவே வந்தாலும் குடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த அவளுடைய அத்தை தட்டோடு வந்தாள். "எங்க கனகா எழுதின லெட்டரு ஒங்க பொஸ்தகத்துலயே வந்துகீது! அதே பாகக்கா பாயசம். அம்மனுக்குப் படைச்சிட்டு நேரா ஒங்களுக்குத்தான். இந்த வூட்ல இன்னிக்கு இன்னும் ஒருத்தரும் வாயில வெக்கல."

தம்ளரை எட்டிப் பார்த்தேன். பச்சையாய் ஏதோ மிதந்தது. பெருங்காயம் ஊரைத் தூக்குகிறதோ இல்லையோ, என்னைத் தூக்கி எறிந்தது. அதற்குள் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டாள். அவள் கண்கள் இரண்டும் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"இன்னாம்மா இது? எங்கள இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க?"

அத்தை பதறிப்போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தாள். "சௌபாக்கியம் அம்மா சொன்ன அளவுதாம்மா!"

"எவளோ எழுதினாளாம், இவ ஆக்கினாளாம்! பொண்ணுக்கு அடுப்படி தெரியல. எழுந்திருடா!"

கதவோரம் நின்ற கனகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. நான் அப்படியே எழுந்து போயிருந்தால், சமைக்கத் தெரியாதவள் என்ற பெயர் எர்ணாவூர் வரைக்கும் அவளைத் துரத்தியிருக்கும். அவளைப் பெண் பார்க்க இன்னொருவன் வந்திருப்பானா என்பதே சந்தேகம். குற்றவாளியோ ஜரிகை வேஷ்டியில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த எவளோ நான்தான் அக்கா" என்றேன்.

அத்தை படத்தைப் பார்த்தாள். என் மீசையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "அப்போ மூக்குத்தி?" என்றாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

அப்போதுதான் கதவுப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"நானும் ஆக்கிப் பாக்காமதான் அத்தே லெட்டர் போட்டேன். நம்ம தெரு பேரு அச்சுல வரும்னு ஆசை. இன்னிக்கு ஆக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா பொய்யின்னு தெரிஞ்சிடும்."

"அடிப்பாவி! ஆக்காததுக்கு இன்னாத்துக்குடி மாசாமாசம் அந்தப் பக்கத்தப் படிச்சிகினு கெடந்தீங்க?"

"ஆக்கறதுக்கா படிக்கிறோம்? மத்தியானம் நாலு பேரு குந்திகினு, படிச்சிகினே துன்னுடுவோம். அடுப்பு மூட்ட வேணாம், பாத்திரம் கழுவ வேணாம்."

எங்கள் பத்திரிகையை ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. மறுநாள் இதை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் அதிர்ச்சி அடையவே இல்லை. "அப்போ நெய்ய இன்னும் ரெண்டு கரண்டி சேத்து எழுது" என்றார்.

ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. தம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்துத் துளசி மாடத்தைக் கும்பிடுவதுபோல் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அடி வரைக்கும் குடித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "முழுசா நனைச்சிட்டான்" என்றாள். அப்படித்தான் எங்கள் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணத்துக்குப் பிறகு சௌபாக்கியம் அம்மாள் வேலையைக் கனகா எடுத்துக்கொண்டாள். பிளாக் மட்டும் மாறவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் எதை அளந்தாலும், மற்றவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இது ஆக்கினதா, எழுதினதா?" பரீட்சை மார்க்கு சொன்ன பிள்ளைகளும் தப்பவில்லை, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளும் தப்பவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் கனகாவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். தம்ளரை அடி வரைக்கும் குடித்த இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"பாதிய துளசி மாடத்துல ஊத்தினத நான் பாத்தேங்க" என்றாள்.