குவைத் ரசிகர்கள்

யோகேஸ்வரனின் பாட்டை இந்த வாரம் குவைத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. போன மாதம் மட்டும் தொள்ளாயிரம் தடவை கேட்டிருந்தார்கள்.

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவை பஜாரில் போன் திருத்துகிற யோகேஸ்வரன், மீதி நேரத்தில் பழைய லேப்டொப்பில் எலெக்ட்ரோனிக் இசை செய்து இணையத்தில் வெளியிடுபவன். தேயிலைத் தோட்டத்தில் அவன் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் அவனுக்கு ரசிகர் யாரும் கிடையாது. கங்காணி மாயாண்டி ஒருமுறை பாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று விசாரித்தார். அப்படிப்பட்டவனுக்குத் தொள்ளாயிரம் என்றால் சோறு இறங்குமா?

அதற்கு வேறு காரணமும் இருந்தது. மனைவி நிலக்ஷி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். ரசிகர்கள் கச்சேரிக்குக் கூப்பிட்டால் அவளைப் பார்த்துவிடலாம். திடீரென்று வாசலில் போய் நிற்கிற ஆசையில் அவளிடம் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் அங்கிருந்து போன் எடுத்தால், நாலு வயது மகள் தயானி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். ஒரு வயதில் விட்டுப் போன அம்மா, பிள்ளைக்குப் போனில் வருகிற யாரோ. அந்தச் சங்கடத்தில் இவர்கள் பேச்சும் சீக்கிரம் முடிந்துவிடும்.

ரசிகர்களைப் பெருக்க யோகேஸ்வரன் ரீமிக்ஸில் இறங்கினான். தகரக் கூரையில் மழை விழுவதைப் போனில் பதிந்து செய்த பாட்டு அது. லயத்துச் சத்தமெல்லாம் உள்ளே கலந்திருந்தது. அதையெல்லாம் துடைத்தெடுத்துத் தாளத்தை இரண்டு மடங்காக்கி விட்டான். குவைத்தில் பத்துத் தடவை கேட்டார்கள். தாளம் போதவில்லை போலும் என்று மேலும் ஏற்றினான். நாலு தடவை. பழைய பாட்டு கிடப்பதால்தான் புதியதை யாரும் சீண்டவில்லை என்று கண்டுபிடித்து, பழையதை எடுத்துவிட்டான். லேப்டொப்பிலும் இடமில்லை என்று அங்கேயும் அழித்தான். அதோடு குவைத் பூச்சியமானது.

கடைசி வழியாக நேரலை. லயத்தில் வருகிற சிக்னல் அதற்குப் போதாது, மேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நன்றாக வரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் தராசுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து ஒரு மணி நேரம் குவைத்துக்காக வாசித்தான். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பார்வையாளர் ஒரே ஒருவர். முடிந்த கையோடு போன் அடித்தது. குவைத் நம்பர்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்த இங்கிலீஷில் வணக்கம் சொன்னான். பேசியது ஜெயந்தினி, நிலக்ஷியோடு அதே வீட்டில் வேலை செய்கிற இறம்பொடைப் பெண்.

"அண்ணே, அந்தப் பழைய பாட்டு எங்க? அக்கா கேக்கக் கூச்சப்படுறாங்க. துணி அயன் பண்றப்பல்லாம் அதத்தான் போட்டுக் கேப்பாங்க."

"தொள்ளாயிரமும் அவதானா?"

"வேற யாரு கேப்பா? மழைக்குள்ள பாப்பா ஒருக்கா 'அம்மா'ன்னு கூப்புடுதுல்ல, அதுக்குத்தான்."

அன்றைக்குப் பிள்ளை கூப்பிட்டது, தன்னை வளர்க்கிற யோகேஸ்வரனின் தங்கை சுதர்ஷினியை. அதை எந்த வாயால் சொல்வது? பாட்டு இப்போது எங்கேயும் இல்லை, அழித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னான்.

ஜெயந்தினி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா மனசு நோகுமேன்னா அழிச்சீங்க? பாப்பா ஒங்க தங்கச்சியத்தான் கூப்புட்டதுன்னு அக்காவுக்கு மொதல்லயே தெரியும்ண்ணே. தெரிஞ்சுதான் கேட்டாங்க."