சாரிக்கு மாற்றுச் சொல்

உலகத்தில் நாகரிகம் என்று ஒன்று மிச்சம் இருக்குமானால், அது எங்கள் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் கூட்ட அறையில்தான் குடியிருக்கிறது. 'சாரி' என்ற ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து ஆராய்ந்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ஒன்பதாம் மாடித் தையற்கார அம்மாவின் மகள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டாள். பெட்டிகளோடு மகள் முதலில் இறங்கிவிட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா பின்னால் இறங்கும்போது லிஃப்ட் நடுவழியில் நின்றது. விமானம் நிற்குமா? மகள் படியேறி வந்து, மூடிய கதவுக்கு வெளியிலிருந்தே, "போய்ட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி. யாராவது ஒருத்தர் சாரி சொன்னா போதும்."

மேனேஜர் உடனே 'உயர்மட்டக் கூட்டம்' கூட்டினார்.

"சாரின்னா தப்பு நம்ம மேலதான்னு ஆயிடும்" என்றார் வக்கீல்.

"அப்போ ரிக்ரெட்?"

"அதுல தப்பு இருக்கு. செஞ்ச ஆள்தான் இல்ல."

"அபாலஜி?"

"அதுக்குத் தலை குனியணுமே."

மேனேஜருக்குக் கழுத்துவலி. தள்ளுபடி.

கடைசியில் 'இன்கன்வீனியன்ஸ்' வென்றது. அதில் தப்பும் இல்லை, ஆளும் இல்லை.

அந்த அரும்பொருளைத் தமிழாக்கி ஏந்திக்கொண்டு வரவேற்பறைக்குப் போனேன். "தங்களுக்கு நேர்ந்ததாகக் கருதப்படும் அசௌகரியம் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது."

"அப்படின்னா என்ன தம்பி?"

விளக்கலாமென்று நெருங்கினேன். என் பூட்ஸ் அவர் கால்மேல் ஏறிவிட்டது.

"ஐயோ, சாரிம்மா."

அவர் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டார். "இது மட்டும் யோசிக்காமலே வருதே" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லப்பா. அதுக்கும் சேர்த்து இதையே எடுத்துக்கறேன்."

லேசாக நொண்டியபடி போய்விட்டார். எனக்குத்தான் நின்ற இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

மேனேஜர் பதறி வந்தார். "சாரி சொல்லிட்டீங்களாமே?"

"கால மிதிச்சதுக்குத்தான் சார்."

"லிஃப்டுக்கு இல்லையே?"

"இல்ல சார்."

அவர் முகம் மலர்ந்தது. அன்றே சுற்றறிக்கை வந்தது: 'புகார் சொல்ல வருகிறவர்களின் காலை முதலில் மிதிக்கவும். பிறகு தாராளமாக சாரி சொல்லவும்.'

இப்போது மக்கள் சாரி சாரியாக வருகிறார்கள். மனநிறைவோடு நொண்டிக்கொண்டு திரும்புகிறார்கள். லிஃப்ட் மட்டும் நடுவழியில் நின்றது நின்றபடி இருக்கிறது. தமிழில் 'சாரி'யிலிருந்து துணைக்காலை எடுத்துவிட்டால் 'சரி' ஆகிவிடும். அடுத்தவர் மேலிருந்து காலை எடுக்கத்தான் எங்களுக்கு வரவில்லை.